இரண்டு கப்பல் கோதுமையும் எம்டன் அங்கம்மாவும்

காசிமேட்டு எம்டன் அங்கம்மாவுக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1914ஆம் வருஷம் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மதராஸ் மேல் குண்டு போட்டுவிட்டுப் போனதே, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டு எரிந்தனவே, அன்றைக்கு ஊரே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட, ஓட முடியாத நிறைமாதக்காரி ஒருத்தி குடிசையிலேயே படுத்து இவளைப் பெற்றாள். எங்கேயோ இருக்கிற ராஜாக்களுக்குள் யார் பெரியவன் என்று தகராறு. அதற்குக் காசிமேட்டுக் குழந்தை பெயர் சுமக்க வேண்டியதாயிற்று. என்ன நியாயமோ! அங்கம்மாவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது, அதனால் நிலைத்துவிட்டது.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மறுபடியும் ஊர் காலியானது. புருஷன் சுப்புராயன்கூட, "மீஞ்சூரு பக்கம் போயிடலாம் வாடி" என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை. "ஜப்பான்காரன் வந்தா இன்னா? அவனுக்கும் கோணி தைக்க ஆளு வோணுமில்ல?" என்று கேட்டாள். வண்ணாரப்பேட்டை சௌக்கத் அலி பாயின் கோணிக் கிடங்கில் அன்றைக்கு வேலைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆமாம், கோணி தைப்பதுதான் அவள் தொழில். கப்பலில் தானியம் மணல் மாதிரிக் கொட்டிக் கிடக்கும். ஆட்கள் அதை வாரிச் சாக்கில் நிரப்ப, பெண்கள் சாண் நீள ஊசியும் சணலுமாக உட்கார்ந்து வாயைத் தைப்பார்கள். வாயின் இரண்டு ஓரத்தையும் முறுக்கிச் சணலைச் சுற்றிக் கட்டினால் அது காது. மூட்டை தூக்குகிறவன் அந்தக் காதைப் பிடித்துத்தான் முதுகில் ஏற்றுவான். அங்கம்மா இருபது பெண்களுக்குத் தலைவி. துறைமுகத்துக்குள் போக ஆளுக்கு ஒரு பித்தளை பில்லை உண்டு. அதை இடுப்பில் முடிந்துகொண்டு அவர்கள் கேட்டுக்குள் நுழையும்போது காவல்காரனே ஒதுங்கி நிற்பான்.

இந்தக் கதை நடந்தது 1951, ஆடி மாசம். மழை பொய்த்துப் போன வருஷங்கள். ரேஷன் கடையில் ஒன்பது நாளாக ஒரு மணி தானியம் இல்லை. காசிமேட்டில் அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது: கடல் அள்ளிக் கொடுத்தது, வலை நிறைய மீன், குழம்பு கொதிக்கிறது, அதைப் பிசைந்து சாப்பிட ஒரு பிடி சோறு கிடையாது. அங்கம்மாவின் இரண்டு பெண்களும் வெறும் குழம்பைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

அப்போதுதான் வந்தன இரண்டு கப்பல்கள். அடேயப்பா! ராயபுரம் கடற்கரையில் ஜனம் குழந்தை குட்டியோடு வந்து நின்று பார்த்தது. ஒன்று அமெரிக்காவிலிருந்து, ஒன்று ருஷ்யாவிலிருந்து. இரண்டும் கோதுமை. ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் கட்டியாயிற்று. உலகத்தில் பாதி எனக்கு, பாதி உனக்கு என்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் நம் வீட்டு வாசலில் வந்து, சாப்பிடு சாப்பிடு என்று போட்டி போட்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

துறைமுகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மூட்டை தூக்கும் கருணாகரன் தோளில் சிவப்புத் துண்டு. ருஷ்யா என்றால் உயிர். "தோழருங்களே, பாட்டாளி நாடு அனுப்பின கோதுமை!" என்று சங்கத்து வாசலில் நின்று வழவழ தாளில் அச்சடித்த புத்தகங்களை விநியோகித்தான். அந்தத் தாளில் சுண்டல்கூட மடிக்க முடியாது என்று பட்டாணிக் கடைக்காரிக்குக் கோபம். அமெரிக்கக் கப்பலின் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்த ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர் வால்டர் விடுவாரா? சுவர் சுவராகப் படம் ஒட்டினார். சாயங்காலம் மைதானத்தில் இலவசமாகச் சினிமா காட்டினார். அதில் ஓர் அமெரிக்கப் பசு வாளி வாளியாகப் பால் கறந்தது. பார்த்துவிட்டு வந்த ஜனத்துக்குப் பசி இரண்டு மடங்காகிவிட்டது.

"இன்னாத்துக்கு இவனுங்க நமக்கு இப்டி அள்ளிக் குடுக்குறானுங்க, அக்கா?" என்று கேட்டாள் வியாகுலம்மாள். கோஷ்டியில் அங்கம்மாவுக்கு அடுத்தபடி அவள்தான்.

அங்கம்மா தாடையால் பக்கத்துக் கரையைக் காட்டினாள். அங்கே வேறொரு கப்பலில் கறுப்புக் கறுப்பாக மாங்கனீஸ் மண் ஏறிக்கொண்டிருந்தது. "பாத்துக்கினியா? வர்றது கோதுமை, போறது மண்ணு. நம்மாண்ட இன்னாமோ கீதுடி, அதான் ரெண்டு பேருக்கும் நம்ம மேல ஆச. ஆசப்படட்டும், நமக்கு இன்னா? கஞ்சி காச்சினா சரி."

வேலை பறந்தது. பத்துப் பெண்கள் அமெரிக்கக் கப்பல் பக்கம், பத்துப் பெண்கள் ருஷ்யக் கப்பல் பக்கம். அங்கம்மா இங்கே நூறு தைப்பாள், அங்கே ஓடி நூறு தைப்பாள். அவள் ஊசி போகிற வேகத்துக்குக் கண் போகாது. ருஷ்ய மாலுமிகள் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கைதட்டினார்கள். அமெரிக்க மாலுமி ஒருவன் விசில் அடித்தான். அவள் மாராப்பைச் சரிசெய்துகொண்டு, "பேமானி, வேலயப் பாரு" என்றாள்; அவனுக்கு அது வாழ்த்தாகத்தான் கேட்டது போலிருக்கிறது, மறுபடியும் அடித்தான்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். வால்டர் ஆறு பேல், பெரிய பெரிய கட்டாக, புத்தம்புதுச் சாக்கு கொடுத்திருந்தார். ஒவ்வொரு சாக்கிலும் அமெரிக்கக் கொடி, கீழே கொட்டை எழுத்து, அவ்வளவு அழகு. சௌக்கத் அலி பாய் கிடங்கில் இருபது வருஷமாக ஒரு சட்டம்: அச்சு உள்ள சாக்கு வந்தால் முதலில் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பு. சர்க்கரை என்று அச்சிட்ட பழைய சாக்கில் உளுந்தைப் போட்டு விற்றால் வாங்குகிறவன் ஏமாந்து போவானே! அச்சு உள்ளே போக வேண்டும், அதுதான் யோக்கியமான வியாபாரம். அச்சு வெளியே தெரிய ஒரு சாக்கைத் தைத்தவளை மற்ற பெண்கள் ஒரு வாரம் கேலி செய்வார்கள். ஆகவே இருபது பெண்களும் உட்கார்ந்து, ஒருத்தருக்கும் சொல்லாமல், ஆறு பேல் சாக்கையும் ஒன்று விடாமல் திருப்பிவைத்தார்கள். கூடுதல் வேலைதான். நம் யோக்கியதை நமக்கு என்று பெருமையாகவே செய்தார்கள்.

திருப்பிய சாக்குக்கும் ருஷ்யக் கப்பலின் வெறும் சாக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ருஷ்யக் கரையில் சாக்கு தீர்ந்ததும் அங்கிருந்த மேஸ்திரி கண்ணில் பட்ட குவியலிலிருந்து அள்ளிக்கொண்டு போனான். வானம் கறுத்ததால் இரண்டு கப்பல் மூட்டையும் ஒரே ஷெட்டில் ஏறியது. வாசலில் நின்று எழுதியவன் எத்தனை மூட்டை உள்ளே வந்தது என்று எழுதினானே தவிர, எந்தக் கப்பலிலிருந்து என்று எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் ஷெட்டுக்குள் நாலாயிரம் மூட்டை கூரை முட்ட நிற்க, எதிரே வால்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மேன், எங்க கொடி எங்க மேன்?" என்று அலறினார். ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளே கொடியைக் கண்டதும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. கருணாகரன் சிரித்தான். அடுத்த மூட்டையைப் பிரித்தார்கள். அது ருஷ்யக் கரையிலிருந்து வந்ததாக அவனே சத்தியம் செய்த மூட்டை. அதற்குள்ளும் அமெரிக்கக் கொடி! இப்போது கருணாகரன் அலறினான்.

உணவு இலாகா அதிகாரி சங்கரநாராயணன் ஓடி வந்தார். அடுத்த நாள் மந்திரி வருகிறார், இரண்டு தேசத்துப் பெரிய மனிதர்களும் வருகிறார்கள், யார் எத்தனை மூட்டை கொடுத்தார்கள் என்று மேடையில் படிக்க வேண்டும். இரண்டு கைப்பிடி கோதுமையை மாற்றி மாற்றிப் பார்த்தார். கோதுமை கோதுமையாகத்தான் இருந்தது. மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

"எது யாருடையது என்று தெரிகிறவரைக்கும் ஒரு மூட்டை வெளியே போகக் கூடாது" என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "சாக்கைத் திருப்பியது யார்? இருபது பேருடைய பில்லையையும் வாங்கிவை. நாளையிலிருந்து இவர்கள் உள்ளே வர வேண்டாம்."

இருபது பித்தளை பில்லைகளும் அவர் மேஜை மேல் கலகலவென்று விழுந்தன. வியாகுலம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பில்லை போனால் இருபது வீட்டில் உலை ஏறாது. வெளியே ரயில் வண்டிகள் வாயைத் திறந்துகொண்டு காலியாக நிற்கின்றன. ரேஷன் கடை வாசலில் ஜனம் காத்துக் கிடக்கிறது. மேலே வானம் உறுமுகிறது, ஷெட்டுக் கூரையோ நூறு இடத்தில் ஓட்டை. நனைந்தால் இரண்டு நாளில் கோதுமை முளைவிட்டு நாறும். அப்புறம் அமெரிக்கா என்ன, ருஷ்யா என்ன?

மூட்டைகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற அங்கம்மாவுக்குப் பளிச்சென்று பட்டது. நேரே மேஜைக்குப் போனாள்.

"நைனா, எந்த மூட்ட எந்தக் கப்பலுதுன்னு நா சொல்றேன்."

"நீ எப்படியம்மா சொல்வாய்?"

"காதப் பாத்து. இது ரஹீமுன்னிசா கட்டினது, மூணு சுத்து, முடிச்சு உள்ளாற. இது வியாகுலம் கட்டினது, எடது கையி, எதிர்ப்பக்கம் முறுக்கிக்கினு கீது பாரு. யாரு எந்தக் கப்பல்ல குந்திக்கினு தச்சாளுங்கன்னு எனக்குத் தெரியும். இருவது பொம்பளைங்க கையும் எனக்கு மனப்பாடம்."

வால்டருக்கு நம்பிக்கை இல்லை. சோதித்தார்கள். வியாகுலம்மாளைக் கூப்பிட்டு வேறொரு சாக்கில் காது கட்டச் சொன்னார்கள். கட்டினாள். அச்சு அசலாக அதே காது! இன்னொரு பெண், இன்னொரு காது, அதுவும் சரி. சங்கரநாராயணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"சரி, ஆரம்பி! ஆரம்பி!"

அங்கம்மா ஆரம்பிக்கவில்லை. எம்டன் என்றால் சும்மாவா! "பில்ல" என்றாள்.

"முதலில் வேலை முடியட்டும்."

"மொதல்ல பில்ல. அப்பால வாயத் தொறக்கறேன். மூட்ட ஷெட்டுல நிக்காது, நா சொல்லச் சொல்ல நேரா ரயிலு வண்டிக்குப் போவணும்."

வால்டர் வாட்சைப் பார்த்தார். இடி இடித்தது. சங்கரநாராயணன் இருபது பில்லைகளையும் தன் கையாலேயே அவள் மடியில் போட்டார்.

பிறகு நடந்ததை அன்றைக்குத் துறைமுகத்தில் இருந்தவர்கள் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டு வாசலில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் அங்கம்மா நின்றாள். இந்தப் பக்கம் நீலச் சாயத்தோடு ஒருவன், அந்தப் பக்கம் சிவப்புச் சாயத்தோடு ஒருவன். முதுகில் மூட்டையோடு ஆட்கள் வரிசையாக ஓடி வர, அவள் காதைத் தொட்டுப் பார்த்துக் கத்துவாள்: "அமெரிக்கா!" பொட்டென்று நீல வட்டம். "ருஷ்யா!" பொட்டென்று சிவப்பு வட்டம். மூட்டை பலகை வழியாகத் தடதடவென்று ரயில் வண்டிக்குள் போகும். "அமெரிக்கா! அமெரிக்கா! ருஷ்யா! ருஷ்யா! அமெரிக்கா!"

வேலையை விட்டுவிட்டுப் பாதித் துறைமுகம் கூடிவிட்டது. ருஷ்யா என்றால் கருணாகரன் கோஷ்டி துண்டைச் சுழற்றிக் கூவும். அமெரிக்கா என்றால் வால்டரின் ஆட்கள் விசிலடிப்பார்கள். பளுவுக்கு முனகுகிற ஆட்கள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். "ஜல்தி! ஜல்தி!" என்று அங்கம்மா விரட்டினாள். அவளுக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு ராஜ்ஜியமும் தன் நாக்கு நுனியில் நிற்கின்றன என்று ஒரு குதூகலம்.

அப்போது ஒரு மூட்டை வந்தது. காதைத் தொட்டாள். திக்கென்றது. நாலு சுற்று, முடிச்சுக்கு மேல் ஒரு சின்னக் கொக்கி. அவளே கட்டிய காது.

அவள்தான் இரண்டு கப்பலிலும் தைத்தாளே! இது எந்தக் கப்பலில் தைத்தது என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அவள் கை அந்தக் காதிலேயே நின்றது. வால்டர் தலையை நீட்டினார். கருணாகரன் கண்ணை இடுக்கினான். தெரியாது என்று சொன்னால் அவ்வளவுதான். எல்லாம் நின்றுவிடும், பில்லை மறுபடியும் மேஜைக்குப் போய்விடும்.

"அமெரிக்கா!" என்றாள்.

பொட்டென்று நீலம் விழுந்தது. வானம் இடிந்து விழவில்லை. அடுத்து அவளுடைய காது வந்தபோது, பாவம் பார்த்து, "ருஷ்யா!" என்றாள். அதற்கடுத்தது அமெரிக்கா. இப்படி முறை வைத்துக்கொண்டாள்.

பாதி மூட்டை போயிருக்கும். படபடவென்று தூறல் பிடித்தது. ஆட்கள் ஆளுக்கொரு சாக்கை மடித்து, தலையிலிருந்து மூட்டை மேல்வரை மூடிக்கொண்டு ஓடி வந்தார்கள். காது எங்கே, மூட்டை எங்கே, ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொருவனையும் நிறுத்திச் சாக்கை விலக்கிப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும், கோதுமை ஊறிவிடும். அங்கம்மா ஒரு முறை வானத்தைப் பார்த்தாள், ஒரு முறை ரயில் வண்டியைப் பார்த்தாள். வீட்டில் வெறும் குழம்பு குடித்துவிட்டுப் படுத்த பெண்களை நினைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அமெரிக்கா! ருஷ்யா! அமெரிக்கா! ருஷ்யா! ஓடு மாமு, ஓடு! அமெரிக்கா! ருஷ்யா!"

பக்கத்தில் நின்ற வியாகுலம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அந்தாள் மூட்டைல சாக்கு வெலகிச்சு, நா பாத்தேன். அது என் காது. ருஷ்யா கப்பல்ல தச்சது. நீ அமெரிக்கான்ற!"

"பொத்துடி வாய" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, "ருஷ்யா!" என்று கத்தினாள்.

கடைசி மூட்டை ஏறி, வண்டிக் கதவு சாத்திய அடுத்த நிமிஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சரியான நேரம்! ஜனம் அவளைத் தூக்காத குறைதான். எண்ணிப் பார்த்தார்கள். நீலம் இரண்டாயிரத்து இரண்டு, சிவப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. வால்டர் அதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாகக் கைகொடுத்தார். நாலு மூட்டைதானே குறைந்தது, அத்தனை பெரிய பணக்கார நாட்டோடு சரிக்குச் சரி நின்றோம் என்று கருணாகரன் கோஷ்டிக்கு அதைவிடச் சந்தோஷம். சங்கரநாராயணன் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மறுநாள் மேடையில் அந்த இரண்டு எண்ணையும் படித்தார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. அங்கம்மா அதற்குப் போகவில்லை. இடுப்பில் பில்லையோடு கப்பலில் தைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காசிமேட்டு ரேஷன் கடை திறந்தது. வரிசை தெரு முனைவரை நின்றது. கோதுமையை என்ன செய்வது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. களி கிண்டலாமா, கஞ்சி வைக்கலாமா என்று கடை வாசலிலேயே வாதம். அங்கம்மாவுக்கு முன்னால் கருணாகரன், இடுப்பில் குழந்தையோடு. அவன் முறை வந்தது. கடைக்காரர் புது மூட்டையை உருட்டிக் கொண்டுவந்தார். நீல வட்டம்.

கருணாகரன் முகம் தொங்கிப்போயிற்று. அமெரிக்கக் கோதுமை ஒரு மணி என் வீட்டுக்குள் வராது என்று சங்கத்து வாசலில் அத்தனை பேர் முன்னால் சத்தியம் செய்திருந்தான். வரிசையே அவனைப் பார்த்தது. இடுப்பிலிருந்த குழந்தை மூட்டையைப் பார்த்து எச்சில் விழுங்கியது. அவன் பையைச் சுருட்டினான்.

"செவப்பு வரட்டும்" என்று முனகிக்கொண்டு வரிசையை விட்டு விலகினான்.

அங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. எட்டி அவன் கையைப் பிடித்தாள். மூட்டையின் காதைத் தடவினாள். பிறகு அவன் காதோடு வாயை வைத்து, "டேய், அன்னிக்கு மழைல கலரு மாறிப்பூட்ச்சிடா. இது ருஷ்யாதான். எவனாண்டயும் சொல்லாத" என்றாள்.

கருணாகரன் அவளை உற்றுப் பார்த்தான். "நெஜமாவா அக்கா? காதப் பாத்துதான சொல்ற?"

"பின்ன? என் கையி பொய் சொல்லுமா? புள்ளைக்குப் பசிக்குது, பையப் புடி."

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! பையை அகல விரித்துப் பிடித்தான். கோதுமை சரசரவென்று விழ, குழந்தை நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அவன் போன பிறகு அங்கம்மா அந்தக் காதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். நாலு சுற்று, முடிச்சுக்கு மேல் ஒரு சின்னக் கொக்கி.

"எனக்கும் அதே மூட்டைலயே போடு நைனா" என்று பையை நீட்டினாள்.